எழுத்தை நம்பிய இசை: ஸ்கொட் ஜொப்ளினின் ராக்டைம் ஆக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

1973 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த ஸ்டிங்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டோரும், படத்தைக் காணாது அதன் பின்னணி இசையை மட்டும் எங்கேனும் கேட்டோரும் ஸ்கொட் ஜொப்ளினை அறிவர்; ஆயின், தாம் கேட்டது அவருடைய இசை என்பதை அவர்களுட் பலர் அறியார். அப்படத்தில் ஒலிக்கும் ‘த என்டர்டெயினர்’ 1902 இல் அச்சேறிய பியானோ ஆக்கம். படத்தின் கதை நிகழ்வதோ 1936 இல். அவ்வாண்டளவில் ராக்டைம் வழக்கொழிந்து, ஜாஸ் அதன் இடத்தைக் கைப்பற்றி நெடுங்காலமாகியிருந்தது. அப்பொருத்தமின்மை படத்தை ஆக்கியோருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. பழைய காலத்து உணர்வை எழுப்புதற்கு இனியதொரு மெட்டு வேண்டியிருந்தது; அது கிடைத்தது.

ஜொப்ளின் பற்றி நிலவும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு எல்லைகளில் நிற்கின்றன. ஒன்று, அவரது இசை மதுச்சாலைப் பியானோவுக்கே உரிய இலகுவான களியாட்ட இசை என்பது. மற்றையது, இனவெறி காரணமாகப் புறக்கணிக்கப்பட்ட மேதை அவர். ஆதலால் அவர் எழுதியன யாவும் ஒரே தரத்துப் பேராக்கங்கள் என்பது. 1976 இல் அவருக்கு இறப்புக்குப் பிந்திய புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டதன் பின்னர் இரண்டாவது கருத்தே மேலோங்கி வந்துள்ளது. முதலாவது கருத்து அவரை இழிவுசெய்கிறது. இரண்டாவது அவரைப் போற்றுகிறது. ஆனால் இரண்டுமே ஆக்கங்களை உற்றுநோக்கும் சிரமத்திலிருந்து எம்மை விடுவித்துவிடுகின்றன. அவ்வாக்கங்களை அணுகுதற்கு ஏற்றதெனக் கருதும் வழியொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. கேட்டு மறக்கப்படும் வாசிப்பாக வாழ்ந்த ஓர் இசையை, எழுதி நிலைநிறுத்தப்படும் ஆக்கமாக மாற்ற முனைந்தவர் ஜொப்ளின். அவருடைய வெற்றிகளும் தோல்விகளும் இம்முயற்சியிலிருந்தே பிறந்தன.

ராக்டைம் என்பது யாது? பியானோவில் இடது கை அணிவகுப்பு இசைக்குரிய ஒழுங்கான நடையைப் பேணுகிறது; தாழ்ந்த சுரம் ஒன்று, அதனையடுத்து உயர்ந்த சுரக்கூட்டு ஒன்று என மாறி மாறி ஒலிக்கிறது. வலது கையோ அந்த எண்ணிக்கைக்குள் அடங்க மறுக்கிறது. அழுத்தம் விழவேண்டிய இடத்தில் மௌனம் நிலவ, விழக்கூடாத இடத்தில் அழுத்தம் விழுகிறது. எமது தாள மரபின் அதீத, அனாகத எடுப்புகளோடு இதனை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் அந்த ஒப்புமை அதிக தூரம் செல்லாது. அங்கு எடுப்பின் இடமே பெயர்கிறது; இங்கு இரு கைகளுக்கும் இடையிலான பிணக்கு ஓயாது நீடிக்கிறது. அமைப்பைப் பொறுத்தவரை, பதினாறு தாள அலகுகள் கொண்ட மூன்று அல்லது நான்கு பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். மிசிசிப்பி ஆற்றையண்டிய நகரங்களின் மதுச்சாலைகளிலும் கேளிக்கை விடுதிகளிலும் கறுப்பினப் பியானோ வாசிப்போர் இதனை வளர்த்தனர். 1897 இல் வில்லியம் கிரெல் என்ற வெள்ளையரான வாத்தியக்குழுத் தலைவரின் ‘மிசிசிப்பி ராக்’ அச்சேறிற்று. அவ்வாண்டின் இறுதியில் கறுப்பினத்தவரான ரொம் ரேர்ப்பினின் ‘ஹார்லம் ராக்’ வெளிவந்தது. ஆகவே ராக்டைமை முதலில் அச்சேற்றியவர் ஜொப்ளின் அல்லர். அச்சேறும் பொருளாயிருந்த ஒன்றை ஒரு கலைவடிவமாகக் கருதியதே அவர் செய்தது.

இக்கருத்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க அவரது இளமை பற்றிச் சில வார்த்தைகள் தேவையாகின்றன. அவர் 1867 இன் நடுப்பகுதிக்கும் 1868 இன் தொடக்கத்துக்கும் இடையில் ரெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்கிற் பிறந்தார். (பழைய நூல்கள் கூறும் 1868 நவம்பர் 24 என்ற திகதி பிழையென இன்று அறிந்துள்ளோம்.) தந்தையார் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்; வயலின் வாசித்தவர். தாயார் புளோரன்ஸ் பான்ஜோ மீட்டியவர். வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்து பிழைத்தவர். அவ்வாறு வேலைசெய்த வீட்டிலிருந்த பியானோவிலேயே மகன் பழகினார். யூலியஸ் வைஸ் என்னும் யேர்மனிய ஆசிரியர் சிறுவனின் திறமையைக் கண்டு ஊதியமின்றிக் கற்பித்து, ஐரோப்பிய இசையின் எழுத்து மரபையும் இசைநாடக மரபையும் அவருக்கு அறிமுகப்படுத்தினார். தாயின் உழைப்பு மகனின் கல்வியாக மாறிய இச்செய்தியை நினைவில் நிறுத்துதல் வேண்டும். ‘ட்ரீமொனிஷா’ பற்றிப் பேசுமிடத்து அது மீண்டும் எதிர்ப்படும்.

1894 இல் மிசூரி மாநிலத்தின் செடாலியா நகரை வந்தடைந்த ஜொப்ளின், அங்கிருந்த கறுப்பின மாணவர்க்கான ஜோர்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியிற் பயின்றார். அந்நகரத்து இசைப்பொருள் வணிகரான ஜோன் ஸ்டார்க்குடன் 1899 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அமெரிக்க இசை வரலாற்றில் இடம்பெறத்தக்கது. ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற ஆக்கத்தின் விற்பனையாகும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சதம் ஆக்கியோனுக்கு உரியது. பிரதியொன்றின் விலை 25 சதத்திற் குறையலாகாது. அக்காலத்தில் கறுப்பின ஆக்கியோரிடமிருந்து சில டொலர்களுக்கு உரிமை முழுவதையும் வாங்கிவிடுதலே வழக்கமாயிருந்தது. முதலாண்டில் ஏறத்தாழ 400 பிரதிகளே விற்றன. பத்தாண்டுகளில் அத்தொகை ஐந்து இலட்சத்தை எட்டியதாக மதிப்பிடப்படுகிறது.

சந்தைக்காக உற்பத்தியாகும் கலை மக்கட் கலையின் சிதைவே என்று எமது விமர்சனத்தில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு வாய்பாடு உண்டு. அதனை ஜொப்ளினிடம் அப்படியே பொருத்துவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். இசைத்தாள் ஒரு விற்பனைப் பண்டம் என்பது உண்மை. ஆயினும் ராக்டைம் வாசிப்பவனின் உழைப்பு விடுதி உரிமையாளனுக்கு ஓரிரவுப் பண்டமாக இருந்த சூழலில், ஆக்கியோனின் பெயரைத் தாங்கி, அவனது சொற்படி வாசிக்கப்படவேண்டிய பொருளாக அது மாறியமைக்கு அந்தத் தாளே துணைநின்றது. சந்தை அவரை விடுவித்தது. பின்னர் அதே சந்தை அவரைக் கட்டவும் செய்தது. ‘லியோலா’, ‘த கஸ்கேட்ஸ்’, ‘சுகர் கேன்’ ஆகியன ‘மேப்பிள் லீஃப்’ இன் அச்சிலேயே வார்க்கப்பட்டவை. முதல் வெற்றியை மீண்டும் கேட்ட வாங்குவோருக்கு அவர் அதனை மீண்டும் கொடுத்தார். அவ்வச்சில் வார்த்தவற்றுள் 1907 இல் வந்த ‘கிளடியோலஸ் ராக்’ மாத்திரமே மூலத்தையும் விஞ்சியது என்பது என் எண்ணம்.

‘மேப்பிள் லீஃப்’ இன் சிறப்பு எதில் தங்கியுள்ளது? முன்னுரையாக ஒரு சுரமுமின்றி ஆக்கம் நேராகத் தொடங்குகிறது. ராக்டைமின் அடையாளமெனக் கூறப்படும் இடது கையின் ஒழுங்கு நடையை முதற் பகுதியில் நாம் காண்பதில்லை. அங்கு இடது கையும் வலது கையின் துள்ளலிற் பங்குகொள்கிறது. அப்பகுதியின் நடுவில் இசை சட்டெனத் தணிகிறது. கைகள் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் பியானோவின் அடியிலிருந்து உச்சிவரை தெளிவற்றதொரு சுரக்கூட்டில் ஏறிச்செல்கின்றன. மேஜர் சாயலுக்கும் மைனர் சாயலுக்குமிடையே சிறிது தயங்கிய பின்னரே அது தன் வீட்டை அடைகிறது. இரண்டாம் பகுதியிலேதான் இடது கை தன் பழகிய நடையை எடுத்துக்கொள்கிறது. ஒழுங்கு குலைவதைக் காட்டுமுன் ஒழுங்கைக் காட்டுவதே இயல்பு. ஜொப்ளின் அதனைத் தலைகீழாக்கினார். முதற் பகுதி ஒருமுறை மீண்டு வந்தபின் மூன்றாம் பகுதி வேறொரு சுருதிக்குச் செல்ல, நான்காம் பகுதி தொடக்கச் சுருதியை அடைந்து முடிகிறது. எந்தச் சுரமும் வாசிப்பவனின் அப்போதைய மனநிலைக்கு விடப்படவில்லை. இது எழுதப்பட்ட இசை.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். வாசிப்பவனின் சுதந்திரமன்றோ அவ்விசையின் உயிர்? எழுதி வைத்தால் அது செத்துவிடாதா? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஜொப்ளினின் காலத்துப் பியானோ விற்பன்னர்கள் போட்டியிட்டு வாசித்து ஒருவரையொருவர் வென்றனர். அவர்களது கணநேரப் படைப்புத்திறன் எத்தாளிலும் அடங்காதது. ஜொப்ளினோ அத்தகைய வேக விற்பன்னர் அல்லர். தமக்கு இயலாததைத் தாளில் நிறைவேற்றிக்கொண்டார் எனச் சிலர் குறைகூறக்கூடும். ஆனால் லூயிஸ் ஷோவினின் கதையை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். சென் லூயிஸ் நகரத்து வாசிப்போருள் தலைசிறந்தவரெனப் போற்றப்பட்ட ஷோவின் 1908 இல் இளவயதிலேயே மறைந்தார். அவர் பெயரில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் பியானோ ராக் ஒன்றே ஒன்று. ‘ஹீலியோட்ரோப் பூக்கே’ (1907) என்ற அதன் முதலிரு பகுதிகள் ஷோவினுடையவை; பின்னிரு பகுதிகளைத் தாம் எழுதி இணைத்து ஜொப்ளின் அதனை அச்சேற்றினார். முற்பாதியின் கனவுபோன்ற மென்மைக்கு ஜொப்ளினின் பிற்பாதி முற்றிலும் ஈடாகாது என்றே கூறவேண்டும். ஆயினும் அந்த எழுதுகோல் இல்லாதிருந்தால் அந்த மென்மையை நாம் அறிந்திருக்கவே முடியாது.

1905 ஐ ஒட்டிய காலம் முதல் ஜொப்ளினின் இசைத்தாள்களில் ஓர் அறிவித்தல் இடம்பெறலாயிற்று. இவ்வாக்கத்தை விரைந்து வாசிக்கவேண்டாம், ராக்டைமை விரைந்து வாசித்தல் ஒருபோதும் சரியாகாது என்பது அதன் சாரம். 1908 இல் வெளியிட்ட ‘ஸ்கூல் ஒப் ராக்டைம்’ என்னும் ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு நூலிலும் ஒவ்வொரு சுரத்தையும் எழுதியவாறே வாசிக்கும்படி அவர் வற்புறுத்தினார். இதனைக் கண்டிப்பான ஆசிரியர் ஒருவரின் பிடிவாதமாக மட்டும் கொள்ளலாகாது. விரைவு கூடுமிடத்து முதலில் மறைவன அவரது நடுக்குரல்களும், மைனரை நோக்கிய அந்தச் சிறு சாய்வுகளுமே. துள்ளல் மட்டும் எஞ்சும்; துள்ளல் மட்டும் எஞ்சிய ராக்டைமில் வெள்ளை அமெரிக்கா தான் காண விரும்பிய சிரித்தாடும் கறுப்பனைக் கண்டுகொள்ளும். ‘ஒரிஜினல் ராக்ஸ்’ (1899) இன் அட்டையில் பாழ்வீட்டருகே கந்தற்றுணி பொறுக்கும் கறுப்பின முதியவரொருவரின் படம் வரையப்பட்டிருந்தது. ‘ராக்’ என்பதற்குக் கந்தல் என்பதும் பொருளாதலின் இந்த விளையாட்டு. உள்ளே இருந்த இசைக்கும் அப்படத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. பின்னர் அவர் தம் ஆக்கங்களுக்குச் சூட்டிய பெயர்களை நோக்குக: செவ்வந்தி, கிளடியோலஸ், ஹீலியோட்ரோப் என மலர்களின் பெயர்கள் அவற்றுட் பலவாகும். மலர்ப்பெயர் சூட்டுதல் அக்காலத்து நாகரிகம் என்பதும் மெய்யே. ஆயினும் அட்டைப்படத்துக்கு அவர் அளித்த மறுமொழியும் அதில் உண்டு.

அவரது நடுக்கால ஆக்கங்களுள் மூன்றை விதந்து கூறவேண்டும். ‘பெதீனா’ (1905) மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் நடையில் ராக்டைமின் அழுத்தப் பெயர்வை இழைத்தது. 1904 யூனில் மணந்த இளமனைவி பிரெடி அதே ஆண்டு செப்டெம்பரில் நிமோனியாவினால் இறந்தார்; அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆக்கம் இது. வாழ்க்கைச் செய்தியைக் கொண்டு இசையை விளக்குவது ஆபத்தான வழி. ஆயினும் முதற் பகுதியின் மெட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லி முடிக்காமலே நிற்பதைக் கேட்போர் உணர்வர். ‘சொலஸ்’ (1909) ஹபனேரா நடையில் அமைந்தது. அவரது மிகத் தூய மெட்டுக்கள் இதிலுள்ளன என்பேன். ‘யூஃபோனிக் சவுண்ட்ஸ்’ (1909) இல் இடது கையின் ஒழுங்கு நடை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. நடையே இல்லாதவிடத்து எதனை எதிர்த்து வலது கை பிணங்கும்? பிணக்கைக் கேட்பவரின் நினைவில் மட்டும் நிகழச்செய்யும் துணிவு அது. அதே ஆண்டின் ‘வோல் ஸ்ட்ரீட் ராக்’ இவற்றோடு வைத்தெண்ணத்தக்கதன்று. பங்குச்சந்தைப் பீதி, தரகரின் சோகம், நல்ல காலத்தின் வருகை எனப் பகுதிகளுக்குத் தலைப்பிட்டிருக்கிறார். இறுதியில் உண்மையான கறுப்பின ராக்டைமைக் கேட்டுத் தரகர்கள் கவலை மறக்கின்றனர். தரகரின் கவலையை ஆற்றும் பணியைத் தம் இசைக்கு அவரே வழங்கியிருப்பது எள்ளலா, அப்பாவித்தனமா என்பது தெளிவாகவில்லை. இசையும் அதனைத் தெளிவுபடுத்தவில்லை.

இனி இசைநாடகங்கள். 1901 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கறுப்பினக் கல்வியாளரான புக்கர் ரி. வொஷிங்டனை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். நாடெங்கும் கண்டனங்கள் எழுந்தன. ‘எ கெஸ்ட் ஒப் ஹொனர்’ (1903) அந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டதெனக் கருதப்படுகிறது. கருதப்படுகிறது எனக் கூறுதற்குக் காரணம், அதன் ஒரு தாளேனும் எஞ்சாமையே. சுற்றுப்பயணத்தின்போது வசூற்பணம் களவுபோயிற்று. பின்னர் இசைச்சுவடியும் தொலைந்தது. உரிமைப்பதிவுக்கு விண்ணப்பித்தும் பிரதிகள் உரிய அலுவலகத்தைச் சென்றடையவில்லை. எழுத்தை நம்பியவருக்கு நேர்ந்த முதல் இழப்பு இது.

‘ட்ரீமொனிஷா’வை எப்பதிப்பாளரும் ஏற்க முன்வராத நிலையில் 1911 இல் தம் செலவிலேயே 230 பக்கங்களில் வெளியிட்டார். கதை 1884 இல், ஆர்கன்சோ மாநிலத்தில், ஜொப்ளின் வளர்ந்த ரெக்சார்க்கானாவுக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணையில் நிகழ்கிறது. மரத்தடியிற் கண்டெடுக்கப்பட்ட குழந்தை ட்ரீமொனிஷா. வளர்ப்புத் தாய் துணி வெளுத்தும் தந்தை விறகு பிளந்தும் வெள்ளைக் குடும்பமொன்றுக்கு உழைக்க, அவ்வுழைப்பின் கைம்மாறாக அவள் எழுத்தறிவு பெறுகிறாள். தாயத்துப் பை விற்றுப் பிழைக்கும் மந்திரவாதிகளை அவள் எதிர்க்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திக் குளவிக்கூட்டில் எறிய முனைகின்றனர். சோளக்கொல்லைப் பொம்மை வேடமிட்ட ரீமஸ் அவளை மீட்கிறான். பிடிபட்ட பகைவரை அவள் மன்னிக்கச் செய்கிறாள். மக்கள் அவளைத் தலைவியாகத் தெரிகின்றனர். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியை, அதுவும் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை இல்லாதிருந்த அமெரிக்காவில், ஒரு சமுதாயத்தின் தலைவியாக்கியமை சிறிய செய்தியன்று.

ஜொப்ளினே எழுதிய நாடகவசனம் பலவீனமானது. எதுகைகள் மழலைத்தன்மை வாய்ந்தவை. கரடிகளின் கூத்து இடம்பெறும் காட்சியை எவ்வளவு அன்புகொண்டு நோக்கினும் காப்பாற்ற இயலவில்லை. இவற்றிலும் பாரதூரமான குறையொன்று உண்டு. ட்ரீமொனிஷா இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் பேச, மந்திரவாதிகளும் முதியோரும் கிராமத்துக் கறுப்பின வழக்கிற் பேசுகின்றனர். அறிவு ஒரு பக்கம், அறியாமை மறுபக்கம் என்ற இப்பிரிப்பில் அடிமைக் காலத்தைத் தாங்கி வந்த நம்பிக்கைகளும் சடங்குகளும் வெறும் ஏமாற்றாகச் சுருங்கிவிடுகின்றன. ராக்டைமோ அதே மக்களின் ஆட்டத்திலும் பாட்டிலுமிருந்து பிறந்தது. தன்னைப் பெற்ற மரபையே கல்வியின் பெயரால் ஆக்கியோன் நிராகரிக்கிறானா?

சொற்களை மட்டும் படிப்போர் ஆமென்பர். இசையைக் கேட்போர் அவ்வாறு முடிவுகட்ட இயலாது. கிராமத்தார் வட்டமாக நின்றாடும் ஆட்டம், போதகரின் அழைப்புக்குச் சபையோர் எதிர்க்குரல் கொடுக்கும் காட்சி, நாள்வேலை முடிந்ததென ஊதுகுழல் ஒலிக்கப் பருத்தி கொய்வோர் எழுப்பும் களிப்பு ஆகிய இவ்விடங்களிலேயே ‘ட்ரீமொனிஷா’ உச்சத்தை அடைகிறது. ஐரோப்பியப் பாணியில் அமைந்த தனிப்பாடல்கள் பல திருத்தமானவை, ஆனால் குளிர்ந்தவை. சொற்கள் மறுத்த மதிப்பை மக்கள் மரபுக்கு இசை வழங்கிவிடுகிறது. இறுதிக் காட்சியில் தலைவியாகத் தெரிவானவள் முதலிற் செய்வது யாது? ‘எ ரியல் ஸ்லோ ட்ராக்’ என்னும் ஆட்டத்தை முன்னின்று நடத்துவது. நாடகம் முழுவதும் சிக்கனமாகப் பயன்பட்ட ராக்டைம் இங்கு முழுமையாக, ஆனால் மிக மெதுவாக வருகிறது. விரையவேண்டாம் என்று தாள்களின் தலையில் அச்சிட்டவர், அவ்விரையாமையை ஒரு சமுதாயத்தின் நடையாகவே இங்கு மேடையேற்றினார்.

மேடையேற்றினார் என்பதும் மிகை. 1915 ஐ ஒட்டி நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில், தாமே பியானோவில் அமர்ந்து, வாத்தியக்குழுவும் காட்சியமைப்புமின்றி நடத்திய ஓர் அரங்கோடு அவரது முயற்சி முடிந்தது. நோய் அவரது நினைவையும் விரல்களையும் குலைத்தது. 1916 இல் அவர் வாசித்துப் பதிவான துளையிட்ட பியானோச் சுருள்களுள் ஒன்றில் ‘மேப்பிள் லீஃப்’ தடுமாறித் தடுமாறி ஒலிக்கிறது. 1917 ஏப்ரல் 1 ஆம் திகதி மருத்துவமனையில் இறந்தார். 1974 வரை அவரது கல்லறைக்கு அடையாளக் கல் இருக்கவில்லை. ‘ட்ரீமொனிஷா’வின் வாத்தியக்குழு எழுத்து தொலைந்துவிட்டது. 1972 இல் அட்லாண்டாவில் அது முழுமையாக அரங்கேறியபோது ரி. ஜே. அன்டர்சனும், 1975 இல் ஹூஸ்டனில் அரங்கேறியபோது கன்தர் ஷூலரும் புதிதாக வாத்திய எழுத்து அமைத்தனர். இன்று நாம் அதனைக் கேட்கும்போது ஜொப்ளினின் குரலைப் பிறருடைய கையெழுத்திற் கேட்கிறோம்.

1970 இல் ஜோசுவா ரிஃப்கின் வெளியிட்ட இசைத்தட்டு ஒரு திருப்பம். மதுச்சாலைப் பியானோவின் கரகரப்பை விலக்கி, செவ்வியல் இசைக்குரிய நிதானத்தோடு, தாளில் உள்ளதை உள்ளவாறு அவர் வாசித்தார். அவ்வாசிப்பு அடக்கம் மிகுந்தது, ஆட்டத்துக்குரிய உடலசைவு அதில் இல்லை என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயமுண்டு. ஆயினும் அந்த அறிவித்தலுக்கு ஒருவர் செவிசாய்க்க ஜொப்ளின் இறந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

அவர் தம் வாழ்நாளில் இறுதியாக வெளியிட்ட ‘மக்னெட்டிக் ராக்’ (1914) பற்றி ஒரு சொல் எஞ்சியுள்ளது. அதன் பகுதிகளுள் இரண்டு மைனரில் அமைந்தவை. நான்காவது பகுதியின் இருள் முன்னைய எந்த ராக்கிலும் காணப்படாதது. ‘மேப்பிள் லீஃப்’ முதலிய பழைய ராக்குகள் தொடங்கிய மெட்டை விட்டு வேறொரு மெட்டில் முடிந்தன. இங்கோ நான்காம் பகுதியின் இருளுக்குப் பின்னர் முதற் பகுதி எளிமை குன்றாது, ஒரு சுரமும் வருந்தாது திரும்பி வருகிறது, அதனையடுத்துச் சிறியதொரு முடிவுரை, பின்னர் மௌனம்.